எலிக்காரர் வீட்டுப் பையன்

மெல்பர்னில் மகளின் பள்ளி விழா. மேடையேறிய தலைமையாசிரியை முதல் வேலையாக, இந்த மண்ணுக்குரிய வுருன்ஜெரி மக்களையும் அவர்களின் மூத்தோரையும் வணங்கினார். எந்தக் கூட்டமானாலும் இங்கே இதுதான் கடவுள் வாழ்த்து. ஆனால் ஆஸ்திரேலியத் தொல்குடிகள் தங்கள் காரியங்களில் நாடாளுமன்றத்துக்கு யோசனை சொல்ல ஓர் அவை கேட்டபோது நாடே வாக்களித்தது. 2023 அக்டோபர் 14 அன்று நூற்றுக்கு 60 பேர் 'வேண்டாம்' என்றார்கள். 6 மாநிலங்களில் ஒன்றுகூட ஒப்பவில்லை.

தமிழ்நாட்டில் என் ஊரான திட்டக்குடிப் பக்கம் பழங்குடிகளுக்கு அந்த வணக்கமும் கிடையாது. அறுவடை முடிந்ததும் எங்கள் வயலுக்கு ஓர் இருளர் பெரியவர் வருவார். அடியில் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டுவார். பானையின் வாயை எலிவளையில் கவிழ்த்து, துளைவழியே புகையை ஊதுவார். கண் சிவந்து நீர் கொட்டும். பிறகு வரப்பை வெட்டினால் மயங்கிய எலிகளும், அவை சேர்த்து வைத்த நெற்கதிரும் வெளிவரும். அதுதான் அவருக்குக் கூலி. பத்து வயதுப் பொடியன் நான் அவரை 'வா, போ' என்பேன். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார்.

அரசின் பழங்குடிப் பட்டியலில் இருளர் பெயர் இருக்கிறது. ஆனால் ஆள் கையில் சாதிச் சான்றிதழ் வேண்டுமே! 1989 நவம்பர் வரை அதைத் தாசில்தார் கொடுத்தார். அதன்பின் கோட்டாட்சியர்தான் தரவேண்டும். அப்பாவின் சான்றிதழைக் கொண்டுவா என்பார்கள். ஏரிக்கரைக் குடிசையில் பிறந்து, செங்கல் சூளையில் வளர்ந்த அப்பனுக்கு ஏது சான்றிதழ்? திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி போன்றவர்கள் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வைத்துப் போராடியும் இந்த அலைச்சல் தீரவில்லை.

ஆஸ்திரேலியத் தொல்குடிகள் கேட்டதுபோல் ஒரு குரல் இந்தியாவில் சில இடங்களில் உண்டு. ஒடிசா, ஜார்க்கண்ட் உள்ளிட்ட 10 மாநிலங்களில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகள் இருக்கின்றன. அங்கே 1996-ஆம் ஆண்டின் 'பெசா' சட்டப்படி பழங்குடிக் கிராமசபை தன் நிலத்தைப் பற்றி வாய் திறக்கலாம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் அறிவிக்கப்படவில்லை. மிச்சமிருப்பது ஊராட்சியில் பழங்குடிக்கு ஒதுக்கும் இடம். அதில் நிற்கவும் அதே சான்றிதழ்தான்.

போன வாரம் சித்தப்பா போனில் சொன்னார். அந்தப் பெரியவரின் பேரன் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படிக்க ஆசைப்பட்டுச் சான்றிதழுக்கு மனுப் போட்டானாம். விசாரிக்க வந்தவர், "இருளன்னா எலி பிடிச்சுக் காட்டு" என்றாராம். பையனுக்குத் தெரியவில்லை.

"தாத்தா பேரென்ன, சித்தப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எலிக்காரன்னுதானேடா கூப்பிடுவோம்" என்றார்.