கிழக்கே ஒரகடம், மேற்கே காஞ்சி

மாநில நெடுஞ்சாலை 58 என்று சொன்னால் எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் புரியாது. ஒரு பக்கம் செங்கல்பட்டு ரோடு, மறுபக்கம் காஞ்சிபுரம் ரோடு, அவ்வளவுதான். கடலோரம் சதுரங்கப்பட்டினத்தில் கிளம்பி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம் தாண்டித் திருத்தணியில் முடிகிறது அது. காஞ்சிபுரம் வரைக்கும் பாலாறு இறங்கும் திசைக்கு எதிராக ஏறிப்போகிற சாலை.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது துணி வியாபாரத்துக்காக. வாலாஜாபாத் என்ற பெயர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவிடமிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் அங்கே பாளையம் இறங்கியிருந்தன. அங்கிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் வருவது எங்கள் ஐயம்பேட்டை. தறிக்காரர்கள் ஊர்.

அப்பா வாழ்நாள் முழுக்க இந்தச் சாலையில் மேற்கேதான் போனார். புடவை நெய்து முடித்ததும் மடித்துப் பையில் போட்டு, சைக்கிளில் காஞ்சிபுரம். கூலியும் அடுத்த பாவும் அங்கிருந்துதான் வரும்.

அக்கா கிழக்கே போகிறாள். விடியும் முன்பே வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ் நிற்கும். வண்டலூர் சாலையில் திரும்பி ஒரகடம். 2010இல் அங்கே ரெனோ-நிசான் ஆலை திறந்தது. பெரிய ஆலைகளும் அவற்றுக்குப் பாகம் செய்யும் கம்பெனிகளுமாக இன்று சுற்றுவட்டாரமே அங்கேதான் வேலைக்குப் போகிறது.

கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒரு கரைக்கான நாடாவைப் போட மறுபக்கம் ஆள் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அக்கா. அவள் வேலைக்குப் போன மாதமே அப்பா கோர்வையை விட்டார். இப்போது ஒற்றை ஆள் நெய்யக்கூடியது மட்டும்தான். கூலி குறைவு.

“கஷ்டமா இல்லையாப்பா?”

“அவளுக்கு ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம் வருது. எனக்கு எப்பவாச்சும் அப்படி வந்துச்சா?”

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வரை ரோட்டை நான்கு வழியாக அகலப்படுத்தினார்கள். கம்பெனி பஸ்கள் இன்னும் வேகமாகப் போகின்றன. அப்பா சைக்கிளை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போகிறார்.

வருகிற தையோடு அக்காவின் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று சூப்பர்வைசர் சொல்லவில்லை. மறுபடி தறியில் உட்காருவாயா என்று அப்பா கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குழித்தறியில் அவள் உட்கார்ந்த பக்கத்தில் மட்டும் அப்பா எதையும் வைப்பதில்லை.