கடைசி வரி ரெண்டு தடவை



உன் பெண் எழுதிய சி புரோகிராமைப் பார்த்தேன்டி. ஃபைலில் ஒரே தடவை இருக்கிற கடைசி வரி, திரையில் மட்டும் ரெண்டு தடவை வருகிறது என்று புலம்பியிருக்கிறாள். அவள் மேல் குற்றமே இல்லை. லேப் நோட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. சீனியர், ஜூனியர் எல்லாரும் அதையே காப்பியடிக்கிறார்கள்.

'எஃப்இஓஎஃப் வராத வரைக்கும் படி' என்று வைல் லூப் போட்டிருக்கிறாள். ஃபைல் முடிந்ததா என்று சொல்கிற அந்த எஃப்இஓஎஃப் இருக்கே, அதற்கு வரப்போவது தெரியாது. படிக்கப் போய், முட்டிக்கொண்டு திரும்பின பிறகுதான் 'ஆமாம், முடிந்துவிட்டது' என்று ஒப்புக்கொள்ளும். கடைசி வரியை அதன் என்டரோடு படித்து முடித்தபோது இன்னும் யாரும் முட்டவில்லையே! லூப் இன்னொரு சுற்று போகிறது. வரியைப் படிக்கிற எஃப்கெட்ஸ் வெறுங்கையோடு வருகிறது. பஃபரில் பழைய வரி அப்படியே கிடக்க, பிரிண்ட்எஃப் அதையே மறுபடி அச்சிடுகிறது. கடைசியில் என்டர் தட்டாத ஃபைலில் இந்தக் கூத்து நடக்காது. வாத்தியார் சோதித்தது அப்படி ஒரு ஃபைலாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

எஃப்கெட்ஸையே வைலின் அடைப்புக்குள் வைக்கச் சொல். அது 'ஒன்றுமில்லை' என்று நல் (NULL) கொடுத்ததும் லூப் நின்றுவிடும். கெர்னிகனும் ரிச்சியும் சி பற்றிய தங்கள் 1978 புத்தகத்திலேயே படிப்பதையும் சோதிப்பதையும் ஒரே அடைப்புக்குள்தான் வைத்தார்கள். யார் படிக்கிறார்கள்?

எஃப்கெட்ஸின் சொந்தக்காரன் கெட்ஸ் கதை தெரியுமோ? இடம் எவ்வளவு என்று கேட்காமலே கொட்டுகிற ஆசாமி. 1988-ல் மோரிஸ் புழு இணையத்தில் பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. 2011-ல் சி தரத்திலிருந்தே துரத்திவிட்டார்கள். எஃப்கெட்ஸ் அளவு கேட்டு நடக்கும்: 100 என்றால் 99 பைட் வரைதான், மீதி ஒன்று முடிவுக்குறிக்கு.

தமிழ் ஃபைல் என்றால் இங்கேதான் வம்பு. யூடிஎஃப்-8-ல் 'அம்மா'வுக்கே 15 பைட். 99 மூன்றால் வகுபடுமே என்று நிம்மதியாக இருக்காதே. நடுவில் ஒற்றை இடைவெளி வந்தாலே கணக்கு தப்பி, நீள வரி எழுத்தின் நடுவில் அறுபடும். துண்டுகளை எஃப்புட்ஸ் போட்டு அச்சிட்டால் தானாக ஒட்டிக்கொள்ளும். புட்ஸ் போட்டாலோ, அது தன் பங்குக்கு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு என்டர் தட்டி எழுத்தைப் பிய்த்துவிடும். வரியை நேராக பிரிண்ட்எஃப் கையில் கொடுக்கவும் வேண்டாம். உள்ளே ஒரு சதவீதக் குறி இருந்தால் அதைத் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொள்ளும்.

எஃப்ஓப்பன் நல் கொடுத்ததா என்று அவள் பார்க்கவே இல்லை, அதையும் சேர்க்கச் சொல். திருத்தினதைக் காட்டியதும் வாத்தியார் முகம் எப்படிப் போயிற்று என்று மறக்காமல் எழுதுடி.