சித்தி என்ற சொல்

தமிழில் உறவுப் பெயர்கள் ஏராளம் என்று நாம் பெருமை அடித்துக்கொள்கிறோம். அத்தை, மாமி, பெரியம்மா, சித்தி என்று நாம் தனித்தனியே பெயரிட்டு அழைப்பவர்களையெல்லாம் வெள்ளைக்காரன் ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுகிறான். ஆனால் ஓரிடத்தில் நம் மொழியும் கையை விரித்துவிடுகிறது. கூடப் பிறந்தவனும் அண்ணன்தான். பெரியம்மா பிள்ளையும் அண்ணன்தான். இந்தச் சிறு சந்துக்குள் எங்கள் குடும்பம் ஒரு ரகசியத்தை நாற்பத்தேழு வருஷம் ஒளித்து வைத்திருந்தது.

எங்கள் ஊர் நெடுங்காடு. காரைக்காலைச் சேர்ந்தது. சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா. நடுவில் பிரெஞ்சுக்காரன் சீமை. அந்தக் காலத்தில் சீமையைச் சுற்றிவர சுங்கச் சாவடி இருந்தது. ஊரில் மேர் இருந்தார். அவருக்கு ஒரு மேரி ஆபீஸும் இருந்தது. பிள்ளை பிறந்தால் அங்கே போய்ச் சொல்லிப் பதிய வேண்டும். தாய் யார், தகப்பன் யார், சாட்சி யார் என்று நீண்ட கொடுக்குக் கையெழுத்தில் பிரெஞ்சில் எழுதிவிடுவார்கள்.

1937-இல் என் தாய்க்குப் பாட்டி வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. தாத்தா கடமை தவறாதவர். உடனே மேரியில் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் பெரியம்மா வந்திருந்தாள். கல்யாணம் ஆகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் அவளுக்கு வயிறு திறக்கவில்லை. பெரியப்பாவுக்குச் சைகோனில் உத்தியோகம் ஆகியிருந்தது. கப்பல் ஏறுவதற்குள் அவருக்கு இரண்டாந்தாரம் பார்க்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பாட்டி ஒரே ராத்திரியில் தீர்மானம் பண்ணிவிட்டாள்.

"உனக்கென்னடி, இன்னும் பெறுவாய். அவளுக்கு வாழ்க்கையே போய்விடும்."

அம்மாவுக்கு அப்போது இருபது வயசுகூட இல்லை.

எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. நாலு பேர் முன்னிலையில் மஞ்சள்நீர் குடித்துத்தான் பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பார்கள். பாட்டி அதை வேண்டாம் என்றாள். சடங்கு செய்தால் நாளைக்குப் பிள்ளையின் காதில் விழும். பெரியம்மா மனசு நோகும். நாற்பதாம் நாள் கைக்குழந்தை அக்காள் மடிக்குப் போயிற்று. அங்கிருந்து கப்பலுக்குப் போயிற்று. தெரு முழுவதற்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. ஊர் வம்புக்கு அலையும் எங்கள் தெருவா அது என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்!

பாட்டி சொன்னபடி அம்மா உடனே பெற்றுவிடவில்லை. அடுத்த பிள்ளையாகிய நான் பிறக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

1954-இல் பிரெஞ்சு நிர்வாகம் கை மாறியது. அதை ஒட்டிப் பெரியப்பாவும் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். நெடுநெடு என்று ஒரு வாலிபன் வந்து, "சித்தி, சேவிக்கிறேன்" என்று அம்மா காலில் விழுந்தான். எனக்கு ஐந்து வயசு. அவன் சாப்பிடும்போது அம்மா பரிமாறமாட்டாள். அக்காளையே பரிமாறச் சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். சித்திக்கு இத்தனை கூச்சமா என்று பெரியம்மா சிரிப்பாள்.

குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழியில் அடுத்தடுத்து இரண்டு பதிகங்கள் உண்டு. ஒன்று, கண்ணனைப் பெற்றும் அவன் மழலையைக் காணாத தேவகியின் புலம்பல். மற்றது, திருக்கண்ணபுரத்துப் பெருமாளை இராமனாகத் தொட்டிலில் இட்டுக் கோசலை பாடும் தாலாட்டு. கண்ணபுரம் எங்களுக்குத் தூரம் இல்லை. பெரியம்மாவின் குரல் இனிமையானது. தாலாட்டை உருகிப் பாடுவாள். அம்மா அதற்கு முந்திய பதிகத்தோடு புஸ்தகத்தை மூடிவிடுவாள். பக்தியில் இருவருக்கும் ருசி வேறு என்று நினைத்திருந்தேன்.

1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் நாங்கள் இந்தியாவோடு சேர்ந்தோம். பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. பெரியப்பா முந்திய வருஷம் காலமாகியிருந்தார். காகித விவகாரங்களையெல்லாம் அதுவரை அவரே பார்த்து வந்தார். அண்ணன் முதல் தடவையாகத் தானே பிறப்புச் சான்று எடுக்க மேரிக்குப் போனான்.

அன்று மத்தியானம் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றான்.

"சித்தி, நான் யார் வயிற்றிலே பிறந்தேன்?"

முறம் நிற்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்றாள் அம்மா.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். "அம்மாவுக்கு நான் கேட்டது தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். பெரியவர்கள் விளையாட்டு ஏதோ என்று நான் பம்பரத்தைத் தேடப் போய்விட்டேன். அதுவரை அவனிடமிருந்து மறைத்தார்கள். அன்றிலிருந்து மறைக்கும் வேலை அவனுடையது ஆயிற்று.

இந்து சுவீகாரச் சட்டம் 1956-இல் வந்தது. புதுச்சேரிப் பகுதிக்கு 1963-இல் நீட்டினார்கள். பிள்ளையைக் கொடுத்த நாள் முதல் பெற்ற குடும்பத்தோடு அவனுக்குள்ள பந்தம் அறும் என்கிறது சட்டம். ஆனால் அங்கே எந்தப் பெண்ணை மணக்கக் கூடாதோ, அந்தத் தடை மட்டும் அறாது என்றும் சொல்கிறது. பிள்ளைக்கே தெரியாத உறவுக்கு அவன் எப்படித் தடை பார்ப்பான்? சட்டம் எழுதியவர்கள் எங்கள் பாட்டியைப் பார்த்ததில்லை.

இன்று தத்து எடுத்தால் பிறப்புச் சான்றிதழே எடுத்தவர்கள் பெயரில் வருகிறது. பதினெட்டு வயசு நிரம்பினவர் தம் வேரைத் தேடி மனுப் போடலாம். ஆனால் என் பெயர் வெளிவர வேண்டாம் என்று பெற்றவள் கேட்டிருந்தால் அவள் சம்மதம் வேண்டும். இது அநியாயம் என்று ஒரு கூட்டத்தில் நானே காரசாரமாகப் பேசியிருக்கிறேன். வீடு திரும்பும் வழியில் அம்மாவின் முறம் நினைவுக்கு வந்தது. அவளைக் கேட்டிருந்தால் என்ன எழுதிக் கொடுத்திருப்பாள்?

இன்னும் மோசமானதும் உண்டு. 1980-களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போயின. பெறாத பெண்களைத் தாய் என்று நிறுத்திக் குழந்தையைக் கொடுத்ததும், போலிப் பத்திரங்கள் தயாரித்ததும் பிறகு வெளியாயிற்று. 2020-இல் ஸ்விட்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021-இல் ஹாலந்து வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. வளர்ந்த பிள்ளைகள் கையில் காகிதத்தோடு கொழும்பில் இறங்கித் தேடினார்கள்; காகிதத்தில் இருந்தவள் தாயே இல்லை. எங்கள் ஊரில் மனிதர்கள்தான் மறைத்தார்கள். மேரிப் புஸ்தகம் பொய் சொல்லவில்லை. அண்ணன் அந்த மட்டில் பாக்கியசாலி.

அவன் பிரெஞ்சுப் பிரஜையாகி, அங்கே பட்டாளத்தில் சேர்ந்தான். வருஷம் தவறாமல் அம்மாவுக்குக் கடிதம் வரும்: "அன்புள்ள சித்திக்கு." அங்குள்ள அவனுடைய தஸ்தாவேஜுகள் எல்லாவற்றிலும் தாயார் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ!

1984-இல் அம்மா போய்விட்டாள். தந்தி கொடுத்தோம். கொள்ளி நான் வைத்தேன். நாலாம் நாள் அண்ணன் வந்தான். வரும் வழியில் காரைக்கால் கடற்கரையில் இறங்கி, தலையை மழித்து, முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேஷ்டியோடு வந்து நின்றான். எங்கள் வீட்டில் சித்திக்கு யாரும் மொட்டை போட்டதில்லை. நான் அவன் முகத்தையே பார்த்தேன். பையிலிருந்து மடிந்து பழுத்த காகிதம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். எனக்குப் பிரெஞ்சு வராது. பெயர்களைப் படிக்கத் தெரியும்.

உள்ளேயிருந்து பெரியம்மா வந்தாள். சுவரைப் பிடித்து நடக்கும் வயசு. நான் சட்டென்று காகிதத்தை மடித்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை. அண்ணனின் தலையைத்தான் வெகு நேரம் பார்த்தாள். கிட்டே வந்து, தடவிப் பார்த்தாள்.

"பத்தாம் நாள்வரை லீவு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கம்மா."

"இருந்து தம்பியோட சேர்ந்து செஞ்சுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.