செலிக்மன்: சாலையை மீட்டெடுத்த ஊர்

1978 செப்டம்பர் 22 அன்று செலிக்மன் ஊருக்கு வெளியே இன்டர்ஸ்டேட் 40 விரைவுச்சாலை திறக்கப்பட்டது. அரிசோனா மாநிலத்தின் இந்தச் சிற்றூருக்கு நடுவே அதுவரை இரவும் பகலும் ஓடிய கார்களும் லாரிகளும் அன்றோடு நின்றுபோயின. பெட்ரோல் பங்க், தங்கும் விடுதி, சாப்பாட்டுக் கடை என்று ஊரே வழிப்போக்கரை நம்பி இருந்தது. யாரும் அந்த ஊரை இடிக்கவில்லை, வெள்ளமோ தீயோ வரவில்லை. வழி மாறிப்போனது, அவ்வளவுதான்.

ஊர் பிறந்ததும் ஒரு வழியால்தான். 1880களில் இங்கே ரயில் பாதை வந்தபோது இதற்குப் பெயர் பிரெஸ்காட் ஜங்ஷன். ரயில் பாதைக்குப் பணம் கொடுத்த செலிக்மன் என்ற வங்கியாளர் குடும்பத்தின் பெயர் பிற்பாடு வந்தது. 1926 நவம்பர் 11 அன்று சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலிஸையும் இணைக்கும் 66ஆம் எண் நெடுஞ்சாலை அதிகாரபூர்வமாக உருவானது. எட்டு மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் ஓடிய அந்தச் சாலை செலிக்மன் வழியாகவும் போனது. 1930களில் ஓக்லஹோமா பக்கத்துப் புழுதிப்புயலும் வறுமையும் விரட்டிய குடும்பங்கள் பாயும் பாத்திரமுமாகக் கலிபோர்னியாவுக்குப் போனது இந்த வழியில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சொந்தக் கார் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் விடுமுறைக்கு வந்தன. 1956இல் ஐசனோவர் காலத்துச் சட்டம் விரைவுச்சாலைகளுக்கு வழிதிறந்துவிட, பழைய சாலையின் ஊர்கள் ஒவ்வொன்றாக ஒதுக்கப்பட்டன. 1985 ஜூனில் 66 என்ற எண்ணையே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் ரயில் நிறுவனமும் செலிக்மனில் தன் வேலைகளை முடித்துக்கொண்டது. ஊருக்குச் சோறு போட்ட இரண்டு கைகளும் போயின.

அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் ஏஞ்சல் டெல்கடில்லோ. 1927இல் அதே ஊரில் பிறந்தவர். அப்பாவும் அதே தொழில்தான். பக்கத்துக் கடைகள் பூட்டப்படுவதைத் தினமும் பார்த்தவர். 1987 பிப்ரவரியில் செலிக்மன், கிங்மன் ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டி அரிசோனா வரலாற்றுச் சாலை 66 சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் மாநில அரசிடம் கேட்டது மிக எளிய விஷயம்: இந்தச் சாலையை வரலாற்றுச் சாலை என்று அறிவித்து, பலகை வையுங்கள். அந்த ஆண்டே செலிக்மன் முதல் கிங்மன் வரையிலான பகுதிக்கு அந்த அறிவிப்பு கிடைத்தது. 1988இல் பழைய கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு ஒரு விழா நடத்தினார்கள். அது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. மற்ற மாநிலங்களிலும் இதுபோன்ற சங்கங்கள் தோன்றின. பணமோ பதவியோ இல்லாத ஒரு நாவிதர் முன்னின்று சாதித்த இந்தக் காரியத்தை, பாரம்பரியக் காப்பு பற்றிப் பேசும் எவரும் படித்திருக்க வேண்டும்.

இன்று செலிக்மனில் பார்க்க என்ன இருக்கிறது? ஏஞ்சலின் கடை, அதையொட்டிய நினைவுப்பொருள் கடை. சற்றுத் தள்ளி அவருடைய அண்ணன் ஹுவான் 1953இல் கட்டிய ஸ்னோ கேப் என்ற உணவகம். ரயில்வே கழித்துப்போட்ட மரப்பலகைகளைப் பொறுக்கிக் கட்டியது அது. கதவில் இரண்டு கைப்பிடிகள். ஒன்று பொய்க் கைப்பிடி. கூரையை அறுத்து அலங்கரித்த பழைய செவ்ரோலெட் ஒன்று வாசலில் நிற்கும். ஹுவான் 2004இல் காலமானார். குடும்பத்தார் கடையைத் தொடர்ந்தார்கள். ஊரின் கடைத்தெரு 2005இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 2006இல் வந்த 'கார்ஸ்' படத்தில் வரும் கைவிடப்பட்ட ஊரின் கதைக்கு ஏஞ்சல் சொன்ன அனுபவங்களும் உதவின.

மேற்கே கிங்மன் வரை சுமார் 140 கிலோமீட்டர் பழைய சாலை அறுபடாமல் போகிறது. அதையும் ஓட்டிப் பார்த்தால்தான் இந்த ஊர் புரியும். தரைக்கு அடியில் இருநூறு அடி ஆழத்தில் உலர்ந்த சுண்ணாம்புக்கல் குகைகள், ஹுவாலபாய் பழங்குடியினரின் தலைமையிடமான பீச் ஸ்பிரிங்ஸ், பழைய பெட்ரோல் பம்புகள் நிற்கும் ஹேக்பெரி கடை எல்லாம் இந்த வழியில்தான். சாலைக்கு முன்பிருந்தே அந்த மண்ணில் வாழ்பவர்கள் ஹுவாலபாய் மக்கள். 66ஆம் சாலையின் கதையை வெறும் கார்களின் கதையாகச் சொல்பவர்கள் அவர்களை மறந்துவிடுகிறார்கள்.

காப்பாற்ற முடியாமல் போனதும் உண்டு. செலிக்மன் ரயில் நிலையத்தருகே ஹவாசு ஹவுஸ் என்று அழகான பழைய விடுதி ஒன்று இருந்தது. ஹார்வி நிறுவனம் ரயில் பயணிகளுக்காக நடத்தியது. பயணிகள் குறைந்ததும் மூடப்பட்டு, நெடுங்காலம் பாழாய்க் கிடந்து, 2008இல் இடிக்கப்பட்டது. அந்த ஊரின் மிகச் சிறந்த கட்டடம் அதுதான் என்பது என் எண்ணம். மரப்பலகையில் கட்டிய ஸ்னோ கேப் கடை பிழைத்தது, இந்த விடுதி போய்விட்டது. கடையில் தினமும் அடுப்பு எரிந்தது, விடுதியில் எரியவில்லை. 1999இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி தேசியப் பூங்காத் துறை 66ஆம் சாலையோரத்துப் பழைய விடுதிகளையும் நியான் பலகைகளையும் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கை வழங்கத் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. ஆனால் பழுதுபார்த்த கட்டடத்தில் யாராவது தொழில் நடத்தினால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

2026 நவம்பரில் இந்தச் சாலைக்கு நூறு வயது. கிராண்ட் கேன்யனிலிருந்து லாஸ் வேகஸுக்குக் காரில் போகிறவர்கள் விரைவுச்சாலையில் 123ஆம் வெளிவழியில் இறங்கி, செலிக்மன் வழியாகக் கிங்மனுக்குப் போகலாம். விரைவுச்சாலையைவிடச் சுமார் முப்பது கிலோமீட்டர்தான் கூடுதல். போனால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அங்கே ஒருவேளை சாப்பிடுங்கள், முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். நீங்கள் அங்கே செலவழிக்கும் பணத்தில்தான் அந்த ஊர் நிற்கிறது.