வாளில் புகுந்த சிங்கம்

நேயர்களே, ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பாரசீகத்து வளைந்த வாளுக்கு 'ஷம்ஷீர்' என்று பெயர். 'ஷேர்' என்றால் சிங்கம். ஆகவே அது 'சிங்க நகம்' என்று இதே பக்கத்தில் ஒருமுறை அளந்துவிட்டேன். கேட்க எத்தனை கம்பீரம்!

பாரசீக மொழி கற்ற பெரியவர் ஒருவர் கூப்பிட்டுக் காதைத் திருகினார். "தம்பி, சாசானிய மன்னர்கள் காலத்தில் சிங்கத்துக்குப் பெயர் 'ஷக்ர்'. வாளுக்கோ அப்போதே 'ஷம்ஷேர்'தான். சிங்கம் எப்படி உள்ளே புகும்? தவிர, அன்றைய வாள் வளைந்ததே அல்ல, நேர்வாள்!"

அடியேன் விழித்தேன். ஷம்ஷீர் என்றால் வெறும் 'வாள்', அவ்வளவுதான். துருக்கியரின் 'கிலிஜ்', வடநாட்டாரின் 'தல்வார்' எல்லாமே அப்படித்தான். வளைவு, மத்திய ஆசியக் குதிரை வீரர்களோடு பிறகு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு வடிவத்துக்கென்று ஒதுக்கியவர்கள், வாள் சேகரிக்கும் மேல்நாட்டுச் சீமான்கள்.

2023-இல் லண்டனில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு ஏலம் போன திப்பு சுல்தான் வாளில் 'ஷம்ஷீரே மாலிக்' என்று பொறித்திருக்கிறது. அரசனின் வாள் என்று அர்த்தம். நகமும் இல்லை, பிடரியும் இல்லை.

"அப்படியானால் அந்தச் சிங்கம்?" என்று இழுத்தேன்.

"உன் கட்டுரையில்தான் உலாவுகிறது. முதலில் அதைப் பிடித்துக் கட்டு!" என்றார் பெரியவர்.