கருவி யார் பெயரில்?

சுதந்திரம் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்து நிலவருவாய் ஆவணங்களில், ஊர்ப் பணியாளர்களுக்கு அறுவடைக் களத்தில் அளந்து தரப்பட்ட நெல்லுக்குச் சுதந்திரம் என்று பெயர். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைந்த ஊர்களில் கொல்லரும் தச்சரும் குயவரும் தங்கள் உழைப்புக்கு நெல்லாகத்தான் வாங்கினார்கள். அவர்களுக்குள்ளேயும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. கொல்லர் தச்சருக்கு உளி அடித்துக் கொடுப்பார். தச்சர் கொல்லரின் சம்மட்டிக்குப் பிடி போட்டுத் தருவார். இரண்டு வீட்டு அடுப்பிலும் குயவரின் பானை இருக்கும். இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. யாருக்கு எத்தனை மரக்கால் என்பதைச் சாதி தீர்மானித்தது. கொல்லரின் துருத்திக்குத் தோல் பதப்படுத்திக் கொடுத்தவர் களத்தின் ஓரத்தில்தான் நின்றார்.

இந்தக் கணக்கில் பெண் எங்கே என்று தேடத் தொடங்கியபோது எனக்கு முதலில் கிடைத்தவள் என் ஆச்சி. அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்களில் பிசான அறுப்புக்குப் போனவள். கதிர் அறுக்கும் அரிவாளின் வாயில் ஒரு பக்கமாகத்தான் பல் வெட்டுவார்கள். அது வலது கைக்கான கணக்கு. ஆச்சிக்கு இடது கைப் பழக்கம்.

"ஏட்டி, அந்த அருவா என் கையில தாளைப் பிடிக்காம வழுக்கும். நேரா பட்டறைக்குப் போயி, பல்லை மறுபக்கம் வெட்டித் தாரும்னு கேட்டேன். ஆசாரி சிரிச்சாரு. ஆனா வெட்டித் தந்தாரு. என் கூலிக் கதிர்ல ஒரு கட்டு அவருக்குக் குடுத்தேன்."

களத்தில் கொல்லருக்கு நெல் அளந்தவர் நிலக்காரர். அது ஊர்க் கணக்கில் ஏறும். ஆச்சி கொடுத்த கதிர்க்கட்டு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கைவினைஞரிடம் வேலை சொல்லி, விலை பேசி, தன் கைக்கென்று ஒரு கருவி வாங்கிய பெண் ஆவணத்தில் வெறும் அறுப்புக்காரி.

ஆச்சியைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்று தோன்றியதால்தான், சேரன்மகாதேவியை அடுத்த பத்தமடைக்குப் போனேன். கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். தறியில் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். பச்சைக் கோரையை நீளவாக்கில் கிழித்துக் காயவைத்து, ஆற்று நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, நூல்போல் மெலிந்த பிறகுதான் அது நெசவுக்கு வரும். நுண்பாயின் நெருக்கத்தை 100, 120, 140 என்று சொல்வார்கள். அந்த எண் எவ்வளவு ஏறும் என்பது கோரையைக் கிழிக்கும் கத்தியிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

வயதான நெசவாளி ஒருவர் தன் தாயின் கத்தியைக் காட்டினார். தேய்ந்து விரலகலம்தான் மிச்சமிருந்தது.

"கடைக் கத்தி தடிமன், டீச்சர். கோரையை ரெண்டா கிழிக்கும், நாலா கிழிக்காது. எங்க உம்மா கொல்லப்பட்டறைக்குத் தம்பியை அனுப்பிச் செய்யச் சொன்னாங்க. முதல்ல வந்தது சரியில்லன்னு திருப்பி அனுப்புனாங்க. ரெண்டாவதையும் அனுப்புனாங்க. மூணாவதுதான் இது. ஆசாரி காசு வேண்டாம், மக கல்யாணத்துக்குப் பாய் போதும்னு சொல்லி அனுப்புனாரு. பேரு போட்ட பாயே நெஞ்சு குடுத்தாங்க."

"ஆசாரியும் உங்க உம்மாவும் நேர்ல பேசியிருக்காங்களா?"

"பார்த்ததே இல்ல."

நான் வெகுநேரம் அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்குப் போகமுடியாத ஒரு பெண், கோரையைக் கிழிக்க இரும்பு எவ்வளவு மெலிய வேண்டும் என்பதை ஒரு கொல்லருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். செய்தியைச் சுமந்தது ஒரு சிறுவன். அந்த மெல்லிய வாய் பிறகு வேறு வீடுகளுக்கும் போனது. பெயர் என்னவோ பட்டறைக்குத்தான். கல்யாணப் பாயில் மணமகள் பெயரும் மணமகன் பெயரும் நெய்யப்படும். நெய்தவள் பெயருக்கு அதில் இடமில்லை.

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாடல் ஒன்றை ஆண்டுதோறும் நடத்துகிறேன். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை சொல்லும் பாடல் அது. வேல் கொல்லனின் கையிலிருந்து மகனின் கைக்குப் போகிறது. பாடியவர் பெண். ஆனாலும் பாட்டில் வரும் தாயின் கைக்கு எந்தக் கருவியும் வரவில்லை, பெற்றுத் தருவது மட்டும் அவள் பங்கு. முன்பெல்லாம் இதை வீரத்தின் பாட்டாகவே நடத்தினேன். பத்தமடைக்குப் போய்வந்த பிறகு, கருவி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று மாணவிகளைக் கோடு போட்டுக் காட்டச் சொல்கிறேன்.

இது பழங்கதை இல்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம் 18 தொழில்களுக்கானது. பாய் முடைவதும் அதில் உண்டு. கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி. குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. 2025இல் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. சாதி குறித்த அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் விசுவகர்மா திட்டத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது: ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான் பயன்பெறலாம். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது குடும்பம். சாதியைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் இந்த வரியைப் பற்றிப் பேசவில்லை.

மனைவி நெய்து கணவன் விற்கும் வீட்டில் அந்த ஒருவர் யார்? சக்கரத்தில் கணவன் வனைய, பானையின் அடியை மனைவி தட்டி முடிக்கும் வீட்டில்? பல ஊர்களில் பெண் சக்கரத்தில் உட்காரும் வழக்கமே இல்லை. உள்ளே ஒரு கல்லையும் வெளியே ஒரு மரத்தட்டையும் வைத்து அவள் தட்டாவிட்டால் பானைக்கு அடியே இல்லை. விண்ணப்பத்தில் அவள் 'உதவியாளர்' ஆகிறாள். கடன் வாங்க, பயிற்சிக்குப் போக, கருவி பெற என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றைப் பெயர்தான் வாசல். எனவே எந்தத் திட்டமானாலும் ஒரே வீட்டில் தொழில் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் இரண்டு பெயர் எழுத இடம் வேண்டும். கருவியைத் தேர்வதற்கு முன் அதைப் பிடிக்கப்போகும் கையைக் கேட்கவும் வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும் பெட்டியில் இடது கைக்காரிக்கு என்று எதுவும் இருக்காது.

இப்போது மாணவிகளிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டுப் பெண்கள் வைத்திருக்கும் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, யார் செய்தது, பதிலுக்கு என்ன கொடுத்தார்கள், என்ன மாற்றிக் கேட்டார்கள் என்று எழுதிவர வேண்டும். ஆலங்குளம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் தன் அம்மா பீடி சுற்றும் சுளகைப் பற்றி எழுதினாள். மூங்கில் முடையும் பெண் ஒருவர் வாசலுக்கே வருவாராம். மடியில் நிற்க வேண்டும், வயிற்றில் குத்தக் கூடாது என்று அம்மா சொல்ல, ஒரு பக்க விளிம்பை மட்டும் தாழ்த்தி முடைந்து கொடுத்திருக்கிறார். பதிலுக்கு ஒரு பழைய சேலையும் இரண்டு படி அரிசியும். இடையில் தம்பி இல்லை, நிலக்காரர் இல்லை. செய்தவரும் வாங்கியவரும் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். தாளின் கடைசி வரியில் அந்த மாணவி இரண்டு பெண்களின் பெயரையும் முழுதாக எழுதியிருந்தாள்.