போய்விட்டு வந்தேன்

பிரயாணம் போவதைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். திரும்பி வருவதைப் பற்றி எழுதியவர்கள் சொற்பம். பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்ததும் பிரயாணம் முடிந்துவிட்டது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படி முடிந்துவிடுவதில்லை என்பதை, சென்ற கோடை விடுமுறையில் ஜப்பான் தேசம் போய் மூன்று வாரம் தங்கித் திரும்பிய பிறகுதான் நான் அறிந்துகொண்டேன்.

காவிரிக் கரையில் பாடம் சொல்லும் உபாத்தியாயனுக்கு ஜப்பான் ஏது என்று வாசகர்கள் வியக்கக்கூடும். என் தம்பி அங்கே பொறியாளன். டோக்கியோவின் கிழக்குப் பக்கத்தில் நிஷிகஸாய் என்னும் பகுதியில் குடியிருக்கிறான். நம் நாட்டவர் பலர் அங்கே வசிக்கிறார்கள். அவன் அனுப்பிய டிக்கெட்டினால் கிடைத்த பாக்கியம் இது.

அங்கே நான் கற்ற முதல் வார்த்தையே என்னைத் திடுக்கிட வைத்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் "இத்தெகிமாஸ்" என்கிறார்கள். "போய்விட்டு வருகிறேன்" என்பது அதன் நேரான பொருள்! "போகிறேன்" என்று மட்டும் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்களே, அந்த மனம் கடல் கடந்தும் இருக்கிறது. திரும்பி வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "ததாயிமா" என்பார்கள். "இதோ வந்துவிட்டேன்" என்று கருத்து. உள்ளேயிருந்து "ஒகாயெரி" என்று வரவேற்புக் குரல் கேட்கும். என் தம்பி மகனும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அப்படித்தான் கூவுவான்.

மே மாதக் கடைசியில் ஊர் திரும்பினேன். காவிரியில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் நடுநிசியில் விழிப்புக் கொடுத்துவிட்டது. மணி 2.30. டோக்கியோவில் அப்போது காலை 6 மணி. உடம்பு அந்த ஊர்க் கணக்கிலேயே எழுந்து உட்கார்ந்துகொண்டு காப்பி கேட்டது! நம் மூளையின் அடிப்பாகத்தில் அரிசிமணி அளவுள்ள ஓர் இடம் உடலுக்குக் கடிகாரமாய் இருக்கிறதென்றும், வெளிச்சமே அதற்கு முக்கியமாகச் சாவி கொடுக்கிறதென்றும் விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். அந்தக் கடிகாரத்தின் ஒரு நாள் 24 மணிக்குச் சற்று அதிகம். ஆகையால் நாளை நீட்டிக்கொண்டு மேற்கே வருவது எளிது. குறுக்கிக்கொண்டு கிழக்கே போவதுதான் கஷ்டம். நான் மேற்கே வந்தவன். பகல் தூக்கத்தைத் துறந்தேன். சாயங்கால வெயிலில் உலாவினேன். நாலே நாளில் உடம்பு ஊரோடு ஒத்துப்போய்விட்டது.

மனத்தின் கடிகாரம் அவ்வளவு சுலபத்தில் திரும்பவில்லை. பஸ்ஸில் சீட்டுக் கொடுத்த கண்டக்டருக்கு என்னை அறியாமல் குனிந்து வணக்கம் செய்தேன். "என்ன ஸார், கழுத்துச் சுளுக்கா?" என்று அவர் அனுதாபத்துடன் விசாரித்தார். இதுவாவது சிரிப்போடு போயிற்று. வீட்டில் நான் செய்தது சிரிக்கும்படியானதல்ல. பஸ் தாமதமானால், "டோக்கியோவிலிருந்து ஒஸாகாவுக்கு 515 கிலோமீட்டர், இரண்டரை மணியில் கொண்டுபோய் விடுகிறான்!" என்பேன். தெருக்கோடிக் குப்பையைக் கண்டால், "ஜப்பானில்..." என்று ஆரம்பிப்பேன். நான் இல்லாத மூன்று வாரமும் வீட்டையும் வயதான என் தாயாரையும் ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொண்ட என் மனைவி, அடுப்பங்கரையில் மௌனமாக இருந்தாள். அந்த மௌனத்தின் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் இரவு, சாதம் சற்றுக் குழைந்துவிட்டதென்று ஜப்பான் அரிசியின் பெருமையைத் தொடங்கினேன். என் தாயார் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்ப்பா, நீ இன்னும் ஊர் வந்து சேரலையா?" என்றார். அவ்வளவுதான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜப்பான் கதை கேட்டார்கள். தம்பி மகனின் பள்ளியை, உறவினர் வந்து பார்க்கலாம் என்று அனுமதித்த ஒரு நாளில் நான் பார்த்திருந்தேன். மத்தியான உணவுக்குப் பிறகு அங்கே பிள்ளைகள் தாங்களே வகுப்பைப் பெருக்கி, மண்டியிட்டுத் தரையைத் துடைத்தார்கள். அதை வர்ணித்து, "நீங்களும் இருக்கிறீர்களே!" என்று முடித்தேன். கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் அம்மாளின் மகன் அவன். துடைப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் மற்றப் பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அப்போது முதல் பெஞ்சுச் சிறுவன் ஒருவன், "அங்கே வாத்தியாரும் பெருக்குவாரா, ஸார்?" என்று கேட்டான்.

நான் வாயடைத்து நின்றேன். அந்த வகுப்பின் ஆசிரியையும் பிள்ளைகளோடு கையில் துணியுடன் மண்டியிட்டிருந்தார். கண்ணால் கண்டதில் அந்த ஒன்றை மட்டும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்!

அன்றிரவு, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவரின் நினைவு எனக்கு வந்தது. 1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த காந்தியடிகள் கல்கத்தா காங்கிரஸுக்குச் சென்றார். கழிப்பிடங்கள் நாறிக் கிடந்தன. தொண்டர்களோ, அது தங்கள் வேலையல்ல என்றார்கள். அவர் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். பிறகு 1915 ஜனவரியில் அடியோடு தாய்நாடு திரும்பியபோது, ஒரு வருஷம் நாட்டைச் சுற்றிப் பார்க்கும்படியும், அதுவரை பொது விஷயங்களில் அபிப்பிராயம் சொல்லாதிருக்கும்படியும் கோகலே அவரிடம் கேட்டுக்கொண்டார். அவரும் மூன்றாம் வகுப்பு ரயிலில் ஏறிப் புறப்பட்டார். அந்த மகானுக்கே ஒரு வருஷம் தேவைப்பட்டது. மூன்று வாரம் ஊர் சுற்றிய நான் மூன்று நாள்கூடப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு அரை மணி முன்னதாகப் போய் வகுப்பைப் பெருக்கத் தொடங்கினேன். அந்த அம்மாள் ஓடி வந்தார். "ஐயா, வேண்டாங்க! யாராச்சும் பார்த்தா என்னைத்தான் கேட்பாங்க" என்று பதறினார். "உங்கள் வேலைக்கு ஒன்றும் வராது, அம்மா. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். என் வகுப்பை மட்டும் நான் பெருக்குகிறேன்" என்றேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றவருக்குப் பொறுக்கவில்லை. "அப்படிப் பிடிச்சா தூசி கண்ணுல விழுமுங்க. கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கிட்டு, தாழ்த்திப் பிடிங்க" என்று கற்றுக்கொடுத்தார். வாசற்படியில் நின்ற அவர் மகன் சிரித்துவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் கண்டதில்லை. பிள்ளைகளில் ஒருவரையும் நான் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் முதல் பெஞ்சுக்காரன் தானாக வந்து பெஞ்சை நகர்த்திக் கொடுத்தான். மறு வாரம் நாலு பேர் வந்தார்கள்.

வீட்டிலும் ஒரு விரதம் எடுத்துக்கொண்டேன். "ஜப்பானில்" என்று வாய் ஆரம்பித்தால் அதை அடக்கிவிட்டு, கை செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று பார்ப்பது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதில் தொடங்கினேன். மனைவி முதலில் சந்தேகத்துடன் பார்த்தாள், பிறகு தானாகவே, "அந்த ஊரில் மைத்துனர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள்?" என்று கேட்டாள். நான் வந்ததிலிருந்து ஜப்பானைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

ஒரு நாள் சாயங்காலம், சட்டையெல்லாம் சுண்ணாம்பும் தூசியுமாக வீடு திரும்பினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் தாயார் ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்துட்டியாப்பா?" என்றார்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வந்துவிட்டேன், அம்மா" என்றேன்.